விசாவுக்கு உள்ளே, டேட்டாவுக்கு வெளியே

சென்ற மே மாதம் நாங்கள் நான்கு பேர் ஒரு டூர் குழுவோடு பன்னிரண்டு நாள் ஐரோப்பா போய் வந்தோம். நான், என் மனைவி, சகலை, மதினி. பார்த்த இடங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போனில் டேட்டா போட்ட கதையை மட்டும் எழுதுகிறேன். ஏனென்றால் ஊர் திரும்பியதிலிருந்து, ஈபில் கோபுரம் எப்படி இருந்தது என்று ஒருதரம் கேட்பவர்கள், "அங்க போனுக்கு என்ன பண்ணீங்க?" என்று மூன்று தரம் கேட்கிறார்கள்.

சிவகாசியில் சின்னதாக ஓர் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் டிசம்பர் முடியும்வரை எங்கேயும் நகர முடியாது. அதனால் மே மாதம்தான் எனக்குத் தோது. அதற்காக மே சும்மா கிடக்கும் மாதமும் இல்லை. வைகாசி, ஆனி முகூர்த்தப் பத்திரிகைகள் ஓடிக்கொண்டிருக்கும். ப்ரூஃப் வாட்ஸப்பில் வரும். நான் பார்த்து ஓகே சொன்னால்தான் போர்மேன் பிளேட் போடுவார். அப்புறம் பேங்க் வேலை. காகிதக்காரருக்குப் பணம் அனுப்புவது, கரண்ட் பில் கட்டுவது என எதைத் தொட்டாலும் ஓடிபி என் எண்ணுக்குத்தான் வரும்.

ஆக எனக்குத் தேவை இரண்டு. டேட்டா ஒன்று, என் இந்திய எண் செத்துப்போகாமல் இருப்பது இன்னொன்று. கடையில் கேட்டால் டேட்டாவைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். எத்தனை ஜிபி, எத்தனை நாள், எவ்வளவு ரூபாய். எண்ணைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் உண்டு.

நான்கு பேரும் நான்கு விதமாகக் கிளம்பினோம். சகலை போஸ்ட்பெய்டு ஆள். தன் இந்திய எண்ணே வெளிநாட்டிலும் ஓடும்படி பத்து நாள் சர்வதேச ரோமிங் பேக் போட்டுக்கொண்டார். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. நான் இ-சிம், அதாவது சொருகாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம். என் மனைவியின் போன் பழையது, இ-சிம் ஏறாது. என் ஹாட்ஸ்பாட்டில், அதாவது என் டேட்டாவிலேயே, தொங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மதினி, "எல்லா ஓட்டல்லயும் வைஃபை இருக்காம், எனக்கு எதுக்குத் தம்பி தண்டச் செலவு?" என்று சொல்லிவிட்டார்.

இ-சிம் என்பது புதிய சமாசாரம் இல்லை. 2018இல் வந்த ஐபோன்களிலேயே இருந்தது. நம் போனில் இருக்கிறதா என்று பார்க்க *#06# அடித்தால் போதும். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு ஈஐடி என்று நீளமாக இன்னொரு எண் வந்தால் பெரும்பாலும் இருக்கிறது. என் மனைவியின் போனில் அந்த வரி வரவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த போன் என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அங்கே விற்கும் ஐபோன்களில் 14 வரிசையிலிருந்து சிம் சொருகும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். தவணையில் வாங்கிய போனாக இருந்தால் அந்த ஊர் நிறுவனமே பூட்டு போட்டிருக்கக்கூடும். அப்படியானால் பூட்டைத் திறக்கும்வரை வேறு சிம் எடுக்காது.

வாங்கும்போது, பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல் எல்லாம் கேட்ட ஓர் இந்திய விற்பனையாளரிடமே வாங்கினேன். உரிமம் இல்லாமல் விற்கிறார்கள் என்று 2024 ஜனவரியில் இரண்டு வெளிநாட்டு இ-சிம் செயலிகளை இந்தியாவில் நீக்கச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. அதைப் படித்திருந்ததால் எனக்கு ஒரு பயம். அவர்கள் பக்கத்தில் ஐரோப்பாவுக்கு இரண்டு பிளான் இருந்தது. இரண்டுமே பத்து ஜிபி, பதினைந்து நாள். ஒன்று 1,700 ரூபாய்ச் சொச்சம். "30 நாடுகள்" என்று போட்டிருந்தது. இன்னொன்று அறுநூறு ரூபாய் கூட. அதில் நாற்பதுக்கு மேல் நாடுகள். நாம் போகப்போவது ஏழெட்டு நாடு, முப்பதே அதிகம் என்று முதலாவதை எடுத்தேன்.

பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று நான்கு தடவை பார்க்கிற நான், அந்த முப்பது எந்த முப்பது என்று ஒரு தடவைகூட விரித்துப் பார்க்கவில்லை.

பணம் கட்டியதும் க்யூஆர் கோடு ஒன்று மெயிலில் வந்தது. அதை ஸ்கேன் செய்தால் சிம் போனுக்குள் இறங்கிவிடும். ஆனால் அந்தக் கோடு என் போனிலேயே இருக்கிறது, அதை அதே போன் கேமராவில் எப்படி ஸ்கேன் செய்வது? வேறு வழிகள் உண்டு என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது அச்சகக்காரனுக்குத் தோன்றுகிற வழி. கெட்டியான 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் பளிச்சென்று பிரிண்ட் எடுத்துவிட்டேன். போர்மேன் அதைப் பார்த்துவிட்டு, "முதலாளி, லேமினேஷன் போடவா?" என்றார். கிண்டலா, அக்கறையா தெரியவில்லை. போடச் சொன்னேன்.

இதில் கவனிக்க வேண்டியது, பெரும்பாலான இ-சிம் கோடுகள் ஒரே ஒரு தடவைதான் இறங்கும். இறக்கிய பிறகு வேலை செய்யவில்லையே என்று அழித்துவிட்டால் திரும்ப இறங்காது, புதிதாக வாங்க வேண்டியிருக்கும். இன்னொன்று, நாள் கணக்கு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிலவற்றில் போனில் இறக்கியவுடன் ஓட ஆரம்பித்துவிடும். என்னுடையது அந்த ஊர் நெட்வொர்க்கைப் பிடிக்கும்போதுதான் ஆரம்பிக்கும் என்றார்கள். அதனால் வீட்டு வைஃபையில் நிதானமாக உட்கார்ந்து இறக்கிவிட்டேன்.

என் இந்திய எண்ணுக்குப் பேக் எதுவும் போடவில்லை. ஆனால் சர்வதேச ரோமிங் வசதியை மட்டும் திறந்துவைத்தேன். திறக்காவிட்டால் அங்கே போய் இறங்கியதும் சிம் ஊமையாகிவிடும், ஓடிபி வராது. திறந்துவைத்து, அந்த சிம்மின் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டால், எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு நாளில் வந்த எஸ்எம்எஸ்களுக்கு எனக்கு ஒரு பைசா பிடிக்கவில்லை. அழைப்பு எடுத்தால்தான் நிமிடக் கணக்கில் காசு. அதனால் கிளம்புவதற்கு முன் எல்லா அழைப்பையும் அச்சக எண்ணுக்குத் திருப்பிவிட்டேன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "எடுக்காவிட்டால் திருப்பு" என்று வைத்தால் அழைப்பு முதலில் ஐரோப்பாவுக்கு வந்து, நாம் எடுக்காததால் மறுபடி சிவகாசிக்குத் திரும்பும். போன வழிக்கும் வந்த வழிக்கும் நம் கணக்கில் எழுதிவிட வாய்ப்பு உண்டு. "எல்லாவற்றையும் திருப்பு" என்று வைத்தால் அழைப்பு இந்தியாவை விட்டே வெளியே வராது.

யுபிஐ செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிளம்பும் வாரத்தில் புதுப் போன் வாங்கி மாறிவிடாதீர்கள். அந்தச் செயலிகளைப் புதிதாகப் பதிவு செய்யும்போது நம் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். அதையெல்லாம் ஊரிலேயே முடித்துவிட வேண்டும்.

சென்னையில் விமானம் ஏறி, வளைகுடாவில் இறங்கி மாறி, பாரிஸ். இந்த இரண்டாவது விமானத்தில்தான் சகலை சிக்கினார். சீட்டில் உட்கார்ந்ததும் போனை விமான நிலைக்கு, அதாவது ஏரோபிளேன் மோடுக்கு, மாற்ற மறந்து, அப்படியே பையில் வைத்துத் தூங்கிவிட்டார். விமானத்துக்குள்ளேயே குட்டி டவர் மாதிரி ஒன்று இருக்கிறது. அது செயற்கைக்கோள் வழியாகப் பேசும். போன் அதைப் பிடித்துக்கொண்டது. அவர் போட்டிருந்த பேக்கில் எத்தனையோ நாடுகள் இருந்தன. வானம் எந்த நாட்டிலும் சேர்த்தி இல்லை. பாரிஸில் இறங்கும்போது "விமான நெட்வொர்க்குக்கு நல்வரவு" என்று ஒரு எஸ்எம்எஸ்ஸும், அடுத்து கட்டண எச்சரிக்கை ஒன்றும் இருந்தன. தூங்கிய நேரத்தில் வாட்ஸப்பும் மெயிலும் தாமாக ஓடியதற்கு ஆயிரத்துச் சொச்சம். "நான் போனைத் தொடவே இல்ல சகலை" என்று அவர் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான். தொடாததுதான் பிரச்சினை.

நானும் ஒன்றும் கிழித்துவிடவில்லை. பாரிஸ் விமான நிலையத்தில் என் இ-சிம் நெட்வொர்க் கம்பி முழுசாகக் காட்டுகிறது, நெட் மட்டும் வரவில்லை. "வெளிநாடு போனா டேட்டா ரோமிங்க ஆஃப் பண்ணிடு" என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்களா, நான் இரண்டு சிம்முக்கும் அணைத்து வைத்திருந்தேன். பெட்டி வரும் பெல்ட் பக்கம் நின்று கால் மணி நேரம் போராடிய பிறகுதான் புரிந்தது. பயணிகளுக்கென்று விற்கும் இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம்மாகத்தான் இருக்கும். பிரான்சில் அதுவும் நம்மைப் போல ஒரு விருந்தாளிதான். ஆகவே அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங் போட்டே ஆக வேண்டும். இந்திய சிம்முக்கு மட்டும் அணைக்க வேண்டும். போட்டேன், வந்தது. முதலில் வந்த விளம்பரம் போலிஷ் மொழியில் இருந்தது. நான் பாரிஸில் நிற்கிறேன், என் டேட்டா போலந்து வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது போல. சகலைக்கு இதே கதை வேறு விதமாக. அவர் டேட்டா இந்தியா வரை போய்த் திரும்புவதால், பாரிஸில் நின்று ஓட்டல் தேடினால் ரூபாயில் விலை காட்டியது.

முதல் நாள் ராத்திரி ஓட்டலில் கணக்குப் பார்த்தால் 1.4 ஜிபி போயிருக்கிறது. பத்தில் ஒன்றரை, ஒரே நாளில். நான் மேப் பார்த்தேன், நாலு படம் அனுப்பினேன், அவ்வளவுதான். போன் அமைப்பில் செயலி வாரியாகத் திறந்து பார்த்தால் திருடன் போட்டோ செயலி. எடுத்த படத்தையும் வீடியோவையும் பின்னால் இருந்து மேலே ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அதை வைஃபையில் மட்டும் ஏற்று என்று மாற்றிவிட்டு, வாட்ஸப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதையும் நிறுத்தினேன். அதன் பிறகு ஒரு நாளைக்கு அரை ஜிபியைத் தாண்டவில்லை, மனைவியின் ஹாட்ஸ்பாட்டையும் சேர்த்து. பேத்தியோடு வீடியோ பேச்சு ராத்திரி ஓட்டல் வைஃபையில். அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே பதினொன்றரை. மே மாதத்தில் மூன்றரை மணி நேர வித்தியாசம். பேத்தி பாதி நாள் தூங்கிவிடுவாள், அது வேறு விஷயம்.

மதினியின் வைஃபைக் கொள்கை இரண்டாம் நாள் மதியமே ஆட்டம் கண்டது. டூர் மேனேஜர் எல்லாவற்றையும் வாட்ஸப் குழுவில்தான் போடுவார். "பஸ் நிற்கும் இடம் மாறிவிட்டது, 4.15க்கு ஆற்றங்கரைப் பக்கம் வாருங்கள்" என்று படத்தோடு போட்டார். முப்பத்தெட்டு பேர் ஆற்றங்கரையில். மதினி மட்டும் காலையில் இறங்கிய இடத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றார். சகலை ஓடிப்போய் அழைத்து வந்தார். ஓட்டல் வைஃபை என்பது ஓட்டலில் இருக்கிறவர்களுக்கு. டூரில் போகிறவர்கள் ஓட்டலில் இருக்கும் நேரம், தூங்கும் நேரம் மட்டும்தான்.

பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன். நான்கு நாடு தாண்டினோம், என் போன் ஒரு இடத்தில்கூட முணுமுணுக்கவில்லை. "நல்வரவு" எஸ்எம்எஸ் வரும், டேட்டா அதுபாட்டுக்கு ஓடும். எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது. சகலையிடம், "பாத்தீங்களா அண்ணாச்சி, உங்க விலையில பாதி" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன்.

ஆறாம் நாள் ஜெர்மனியின் கருங்காட்டில் டிட்டிசே ஏரிக்கரையில் குயில் கடிகாரம் பார்த்துவிட்டு பஸ் தெற்கே கிளம்பியது. அடுத்து ஸ்விட்சர்லாந்தின் ரைன் அருவி. எல்லையில் பஸ் நின்றதாகவே எனக்கு நினைவில்லை. யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்று போதும், ஸ்விட்சர்லாந்தும் 2008 டிசம்பரிலிருந்து அதில் சேர்த்தி. அருவிப் பக்கம் பஸ்ஸை நிறுத்தினார்கள். தண்ணீர் கொட்டுகிற வேகத்தை வீடியோ எடுத்து அச்சகக் குழுவுக்கு அனுப்பினேன். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போகவில்லை. விமான நிலைக்குப் போட்டு எடுத்தேன், போனை அணைத்துப் போட்டேன். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அந்த முப்பதை விரித்துப் பார்த்தேன், சகலையின் ஹாட்ஸ்பாட்டில். ஐரோப்பிய ஒன்றியம் 27 நாடுகள். அதோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் என்று மூன்று. மொத்தம் 30. ஸ்விட்சர்லாந்து இல்லை.

ராத்திரி எங்கெல்பெர்க் ஓட்டல் வைஃபையில் உட்கார்ந்து இதன் பூர்வீகத்தைத் தோண்டினேன். எரிச்சல் வந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்று 2017 ஜூன் 15 முதல் சட்டம். பாரிஸில் ஒரு சிம் வாங்கினால் ரோமிலும் அதே விலையில் ஓடும். 2022இல் அதை இன்னும் பத்து வருடம், 2032 வரை, நீட்டித்துவிட்டார்கள். ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்ந்திருக்கும் அந்த மூன்று நாடுகளுக்கும் இது பொருந்தும். ஸ்விட்சர்லாந்து அந்தப் பகுதியில் சேரலாமா என்று 1992 டிசம்பர் 6ஆம் தேதி தன் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தது. 50.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஏதோ ஒரு மயிரிழை. அன்றைக்கு சரி என்று முடிவு வந்திருந்தால் என் அருவி வீடியோ போய்ச் சேர்ந்திருக்கலாம்.

விசா எல்லை வேறு, டேட்டா எல்லை வேறு. பஸ் டிரைவருக்குக்கூடத் தெரியாத கோடு ஒன்று என் போனுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் டிட்லிஸ் மலை. சுற்றிச் சுழலும் கேபிள் காரில் ஏறி 3,020 மீட்டர் உயரத்தில் இறங்கினோம். மனைவியும் மதினியும் பனியை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து சகலையின் போன் அடித்தது. போர்மேன். என் எண் அச்சகத்துக்கே திரும்பிவிடும் அல்லவா, அதனால் நான் சகலை எண்ணைக் கொடுத்து வைத்திருந்ததை நினைவில் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். "முதலாளிக்கு மத்தியானமே ப்ரூஃப் போட்டேன், ஒரு டிக்குதான் விழுந்திருக்கு. பார்ட்டி ஆபீஸ்லயே உட்காந்திருக்காங்க. பிளேட் போடவா வேண்டாமா?"

ஹாட்ஸ்பாட் கொடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் உடனே கொடுக்கவில்லை. கையுறையைக் கழற்றினார், போனைத் துடைத்தார், "எவ்வளவு எம்பி வரும்?" என்றார். 38 எம்பி. "பாதி விலை பிளான்ல இதெல்லாம் வராதோ?" என்றார். கேட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

பிடிஎஃப் இறங்கியது. விரல் விறைத்துப்போய்ப் பெரிதாக்கக்கூட முடியவில்லை. முகூர்த்தத் தேதி சரி, மண்டபம் சரி. பெண்ணின் அப்பா இன்ஷியல் மட்டும் மாறியிருந்தது. முந்தைய பத்திரிகையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஆயிரத்து இருநூறு பத்திரிகை. ஓடியிருந்தால் காகிதம், மை, கூலி எல்லாம் என் தலையில்தான். சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். சகலை பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை" என்றார். அதன் பிறகு அவர் ஹாட்ஸ்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் பாதி விலையைப் பற்றிப் பேசவில்லை.

அன்று ராத்திரியே ஓட்டல் வைஃபையில், அதே விற்பனையாளரிடம் ஸ்விட்சர்லாந்துக்கு மட்டும் ஒரு ஜிபி இ-சிம் வாங்கினேன். நானூறு ரூபாய்க்குள். கார்டு போட்டதும் ஓடிபி கேட்டது. மலைக்கு நடுவே, நள்ளிரவில், இந்திய சிம்மில் டிங் என்று வந்து விழுந்தது. இந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த ரோமிங் வசதியைத் திறந்து வைத்ததுதான் என்று தோன்றியது. லேமினேஷன் இல்லாமல், இந்தத் தடவை மனைவியின் போனில் க்யூஆரைத் திறந்து வைத்து ஸ்கேன் செய்தேன்.

வேடிக்கை என்னவென்றால், ஒன்பதாம் நாள் ஆஸ்திரியா போகிற வழியில் வாடூஸில் அரை மணி நேரம் நிறுத்தினார்கள். லீக்டன்ஸ்டைனின் தலைநகர். ரைன் நதிப் பாலத்தைத் தாண்டினால் அந்த நாடு. அந்தக் கரை ஸ்விட்சர்லாந்து, இந்தக் கரை முப்பதில் ஒன்று. கொஞ்ச நேரம் போன் அக்கரை டவரையே பிடித்துக்கொண்டு அடம் பிடித்தது. விமான நிலைக்குப் போட்டு எடுத்ததும் என் பழைய இ-சிம்மில் டேட்டா கொட்டியது. இவ்வளவு சின்ன நாடு உள்ளே, அவ்வளவு பெரிய பக்கத்து வீடு வெளியே. ஜெர்மன் எல்லையில் கான்ஸ்டன்ஸ் ஊர்க்காரர்களுக்கு இது தினசரித் தொந்தரவாம். வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்போது போன் ஸ்விஸ் டவருக்குத் தாவிவிடுமாம்.

கடைசிக் கூத்து வெனிஸில். ஹாட்ஸ்பாட்டில் குடும்பம் நடத்துவது, எல்லோரும் பத்தடிக்குள் நிற்கிறவரை சரி. சான் மார்கோ சதுக்கத்தில் நான் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் மனைவியும் மதினியும் இல்லை. முரானோ கண்ணாடி மணி எங்கோ சந்துக்குள் விற்கிறார்கள் என்று போய்விட்டார்கள். இருவர் போனிலும் டேட்டா இல்லை. பிரீபெய்டு எண்களுக்கு ரோமிங் திறக்கவில்லை என்பதால் அழைப்பும் போகாது. அவர்கள் எண்ணுக்கு ஓடிபியா வரப்போகிறது என்று நான்தான் விட்டுவிட்டேன். வெனிஸ் சந்துகள் நம் மதுரை சந்துகளைப் போலத்தான். நேராகப் போகிறோம் என்று நினைத்தால் போன இடத்துக்கே கொண்டுவந்து விடும். ஒவ்வொரு பாலமும் ஒரே மாதிரி. நாற்பது நிமிடம் ஆனது. கடைசியில் மதினி ஒரு கடைக்காரரிடம் "வைஃபை, வைஃபை" என்று கேட்டு வாங்கி, "மணிக்கூண்டுக்கு அடியில் நில்லுங்கள்" என்று சகலைக்குச் செய்தி போட்டார். அந்தக் கடையில்தான் மணியும் வாங்கியிருக்கிறார். வைஃபை கொடுத்ததற்காக வாங்கினாரா, வாங்கியதால் வைஃபை கொடுத்தாரா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

"என்னங்க, நானூறு ரூபா சிம்முக்காக என்னைத் தொலைச்சிட்டீங்களே" என்றாள் மனைவி. பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது.

கணக்கை முடித்துவிடுகிறேன். என் பத்து ஜிபியில் 5.6 ஜிபி செலவானது. முதல் நாள் போட்டோ செயலி தின்றதையும் சேர்த்து. ஸ்விஸ் சிம்மையும் கூட்டினால் என் செலவு 2,100 ரூபாய் அளவில். முதலிலேயே அறுநூறு கூடப் போட்டு பெரிய பிளானை எடுத்திருந்தால் 2,300 சொச்சம் ஆகியிருக்கும். கணக்குப்படி நான் லாபம்தான். டிட்லிஸ் மலையில் சகலை கையுறை கழற்றிய அந்த ஒரு நிமிடத்தைக் கணக்கில் எடுத்தால் நஷ்டம். சகலைக்கு பேக், விமானத்தில் தூங்கிய செலவு, கடைசி இரண்டு நாள் பேக் முடிந்துபோய் மறுபடி போட்ட தினசரி பேக் என்று ஐந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு நாள் பயணத்துக்குப் பத்து நாள் பேக். அதிலும் வளைகுடாவில் விமானம் மாறிய அந்த நாலு மணி நேரத்திலேயே முதல் நாள் ஆரம்பித்துவிட்டது. ஆனால் பன்னிரண்டு நாளும் அவரை யார் வேண்டுமானாலும் கூப்பிட முடிந்தது, எந்த அமைப்பையும் அவர் தொடவில்லை. என் அப்பா வயதில் ஒருவர் தனியாகக் கிளம்பினால் நான் அதைத்தான் போட்டுவிடுவேன்.

"அன்லிமிடெட்" என்று ஒரு பிளானும் இருந்தது, மதினி அடுத்த தடவை அதைத்தான் எடுக்கப்போகிறாராம். எடுக்கட்டும். ஆனால் அந்த மாதிரிப் பிளான்களில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தாண்டியதும் வேகத்தை நூலாகக் குறைத்துவிடுவார்கள். சிலவற்றில் ஹாட்ஸ்பாட்டே கொடுக்க முடியாது. சின்ன எழுத்தில் போட்டிருக்கும். சின்ன எழுத்து எனக்குத் தொழில், எவ்வளவு சின்னதாகப் போட முடியும் என்று தெரியும்.

கேட்கிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது இவ்வளவுதான். டூர்க்காரர் கொடுத்த பயணத் தாளை எடுத்து, பஸ் சும்மா கடந்துபோகிற நாடுகள் உட்பட எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிளானின் பட்டியலை விரித்து ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். அதற்கப்புறம் ஜிபியைப் பாருங்கள். கூட வருகிறவர்களின் எண்ணுக்கும் ரோமிங்கைத் திறந்துவிடுங்கள், பேக் போடாவிட்டாலும் பரவாயில்லை. மேப்பையும், மொழிபெயர்ப்புச் செயலியில் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். வெனிஸில் எனக்கு அது ஒன்றுதான் கைகொடுத்தது, அதுவும் ஆளைத் தேட அல்ல, கழிப்பறை தேட.

போன ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் சாப்பாடு. அடுத்த வருடம் லண்டன், அப்படியே பாரிஸ் வழியாகத் திரும்பலாம் என்று பேச்சு வந்தது. "உங்க பழைய பிளானே போதும்ல சகலை, அதான் முப்பது நாடு இருக்கே" என்றார். பர்ஸிலிருந்து அந்த லேமினேட் கார்டை எடுத்தேன். வந்த கையோடு அதன் பின்பக்கத்தில் முப்பது பெயரையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். 2020 ஜனவரி 31ஆம் தேதியே பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியே போய்விட்டது. கார்டை அவர் பக்கம் தள்ளினேன். மதினி ரசம் ஊற்றிக்கொண்டே, "அங்க ஓட்டல்ல வைஃபை இருக்கும்ல?" என்று கேட்டார்.